என் மாணவி ஒருத்தி

லூர்துராணி டீச்சரை நான் பதினாறு வருடம் எதிர்த்துப் பேசியிருக்கிறேன். ஒரே காரில் போவோம், ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மேடை ஏறியதும் "எதிரணித் தோழி அவர்களே" என்று கையை நீட்டிச் சண்டை போடுவேன். இறங்கியதும் அவருடைய ஃபிளாஸ்கிலிருந்து சீரகத் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன். பட்டிமன்றம் என்றால் அப்படித்தான், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அந்த நாளில் கேட்டிருப்பேன். இப்போது கேட்க மாட்டேன்.

என் பெயர் சித்தார்த்தன். டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு திருச்சி புத்தூரில் வீட்டோடு இருக்கிறவன். எங்கள் குழுவுக்கு நடுவர் பரக்கத் அலி ஐயா, ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதை எங்களில் யாருடைய கொள்கையும் முடிவு செய்ததில்லை. ஐயா போன் பண்ணுவார். "சித்தார்த்தன், தேவையில்லைங்கிற பக்கம் ஒரு ஆள் குறையுது, வர்றீங்களா?" என்பார். போவேன். மறுவாரம் அதே தலைப்புக்குத் தேவை என்கிற பக்கம் ஆள் குறைந்தால் அதற்கும் போயிருப்பேன். டீச்சர் இந்த வேலைக்கு வந்ததே அப்படித்தான். பொன்மலையில் ஒரு மாதா கோயில் திருவிழாவில் பேச வேண்டிய ஒருவர் காய்ச்சல் என்று வரவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரை யாரோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். அன்றைக்குக் குறைந்திருந்தது தூக்குத் தண்டனை தேவை என்கிற பக்கம். அதற்குப் பிறகு அந்தத் தலைப்பு எங்கே வந்தாலும் டீச்சர் தேவை, நான் தேவையில்லை.

ஆளைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். புத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். முப்பது வருடத்தில் ஒரு பெண்ணைக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் அறைக்கு அனுப்பியதில்லை. பரீட்சையில் காப்பியடித்த பெண்ணின் பேப்பரை வாங்கி, கிழித்து, வேறு பேப்பர் கொடுத்து, "முதல்லேருந்து எழுதும்மா" என்று சொல்கிற ரகம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருப்பார், மேடையில் நேரம் பார்ப்பது கூட்டத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்காக. வகுப்பில் யாரையும் வெளியே நிறுத்தாத அந்த மனுஷி, மேடையில் ஆளைத் தூக்குமேடையில் நிறுத்தாமல் இறங்க மாட்டார். பெண் ஒருத்தி "தூக்கில் போடு" என்று சொன்னால் கை தட்டல் இரண்டு மடங்கு. பரக்கத் அலி ஐயாவுக்கு அது முதல் நாளே தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாட்டில் எங்காவது ஒரு பெண்ணைக் கொடூரமாகக் கொன்றுவிட்டால் அந்த மாதம் எங்களுக்கு நாலைந்து தேதிகள் விழும். 'மரண தண்டனை தேவையா, தேவையில்லையா' என்ற தலைப்பைத்தான் எல்லோரும் கேட்பார்கள். எழுதவே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான்.

ஏழெட்டு வருடம் முன்பு பெரம்பலூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். டீச்சர் காரில் உட்கார்ந்து பேச்சைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது படிக்கும் பெண். மாலை டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்தவளை உறவுக்கார இளைஞன் ஒருவன் வழிமறித்து வெட்டிக் கொன்றுவிட்டான். கட்டிக்கொள்ள மறுத்தாள் என்பது காரணம். 'பத்திரிகையில் படித்தேன்' என்று டீச்சர் அதை ஆரம்பித்தார்.

"பத்திரிகையில படிச்சேன்னா யாரு டீச்சர் கேப்பாங்க? எல்லாரும்தான் படிச்சிருக்காங்க. 'என் மாணவி ஒருத்தி'ன்னு ஆரம்பிங்க" என்றேன்.

"அது பொய்யில்லையா சார்?"

"நான் என் பொண்டாட்டியைப் பத்தி மேடையில சொல்றதெல்லாம் நிஜமா? நீங்க உங்க வீட்டுக்காரரைப் பத்திச் சொல்றது நிஜமா?"

முன்சீட்டில் இருந்த ஐயா சிரித்தார். டீச்சரும் சிரித்துவிட்டார். பட்டிமன்றத்தில் எல்லாமே நேற்று நடந்ததுதான், எல்லாமே எங்கள் வீட்டில் நடந்ததுதான். அது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. கார் பாடாலூர் தாண்டும்போது இன்னொரு வரியும் கொடுத்தேன். "முதல் நாள் அவ உங்ககிட்ட வந்து, 'பயமா இருக்கு டீச்சர்'னு சொன்னதா வைங்க. அங்க ஒரு நிமிஷம் பேசாம நில்லுங்க. அப்புறம் பாருங்க." எதிரணிக்காரன் நான். அன்று அவர் நன்றாகப் பேசினால்தான் நானும் நன்றாகப் பேச முடியும் என்கிற சுயநலம்தான், வேறென்ன.

நின்றார். மண்டபத்தில் இருந்த பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். அந்த அமைதியை முழுசாக அறுவடை செய்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அந்த மிருகத்துக்கு வக்காலத்து வாங்கத்தான் என் தோழர் வந்திருக்கிறார்" என்றார். மண்டபம் அதிர்ந்தது. அடுத்து நான் எழுந்து என் பழைய சரக்கை அவிழ்த்தேன். உயிரைக் கொடுக்க முடியாத அரசாங்கத்துக்கு உயிரை எடுக்க என்ன உரிமை, தூக்கில் தொங்கியவர்களில் பணக்காரன் எத்தனை பேர், தீர்ப்பு தவறென்று நாளைக்குத் தெரிந்தால் கயிற்றைத் திருப்பி அவிழ்க்க முடியுமா. எல்லாம் நல்ல கேள்விகள். இன்றும் அவற்றில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்களின் இடத்தில் நின்று பாருங்கள் என்பார் டீச்சர். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

நூறு மேடைக்கு மேல் அந்த மாணவி வந்தாள். யாரோ அதைப் படம் பிடித்து, சோகமான புல்லாங்குழல் சேர்த்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். டீச்சர் எங்கே போனாலும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

மூன்று வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஆண்டு விழா, அதே தலைப்பு. கார் எடமலைப்பட்டி புதூரில் டீச்சர் வீட்டிலிருந்து புறப்படுவதாக ஏற்பாடு. நான் பதினொரு மணிக்கே போய்விட்டேன். டீச்சர் மாதா கோயில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவருடைய கணவர், பொன்மலை ரயில்வே பணிமனையில் ஓய்வு பெற்றவர், அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு ஆணும் பெண்ணும் நின்றார்கள். அந்த ஆள் கையில் மஞ்சள் பை.

"லூர்துராணி டீச்சர் வீடுங்களா?"

"ஆமா, வாங்க. நீங்க?"

"என் பேரு பிச்சைங்க. இது என் வீட்டுக்காரி அழகம்மாள். துறையூர்ப் பக்கம். இளவேனிலோட அப்பா, அம்மா."

டீச்சர் யோசித்தார். முப்பது வருடத்து மாணவிகளில் தேடினார்போல. "எந்த இளவேனில்ங்க?" என்று கேட்டார்.

அந்த அம்மா டீச்சரையே பார்த்தார். "உங்க மாணவிங்க" என்றார்.

பத்திரிகையில் பெயர் போடவில்லை. மேடையிலும் நாங்கள் பெயர் சொன்னதில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. பிச்சை சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தடவினார். புல்லாங்குழலோடு டீச்சரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. 'என் மாணவி ஒருத்தி. துறையூர்ப் பக்கம். முதல் நாள் என்னிடம் வந்தாள். பயமாக இருக்கிறது டீச்சர் என்றாள்.' டீச்சர் சோபாவில் உட்கார்ந்தார்.

"போன வாரந்தாங்க அக்கம்பக்கத்துல காமிச்சாங்க. அன்னைலேருந்து இவ சரியா சாப்பிடலை" என்றார் பிச்சை. மஞ்சள் பையை டீச்சர் கால்மாட்டில் வைத்தார். "சின்ன வெங்காயம். நம்ம காட்டுல வெளைஞ்சது."

அழகம்மாள் தரையில் உட்கார்ந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. "என்கிட்ட சொல்லலீங்க டீச்சர் அவ. ஒரு வார்த்தை சொல்லலை. உங்ககிட்ட சொல்லியிருக்கா. திருச்சியில பரீட்சைக்குப் படிக்கப் பத்து நாள் கேம்பு போட்டாங்களே, அதுக்குத் தெனம் பஸ்ஸுல வந்துட்டுப் போனா, அந்த முதல் நாள் வரைக்கும். அங்க வச்சுத்தானே சொன்னா? எப்படிச் சொன்னா? அழுதாளா?"

வழியை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கேம்ப் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "ஆமாங்க, டீச்சர் அந்த மாதிரி கேம்புக்கெல்லாம் போவாங்க" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

"என்கிட்ட எப்படிங்க சொல்லுவா?" அழகம்மாள் தனக்குத்தானே பேசுகிற மாதிரி பேசினார். "அவன் எந்தம்பி. கூடப் பொறந்த தம்பி. தாய்மாமனுக்குத்தான் கட்டணும்னு எங்க ஆத்தா சொல்லிட்டே செத்துச்சு. இவ மாட்டேன்னா. படிச்சு முடிக்கட்டும், அப்புறம் பாப்போம்னு நான்தான் அவன்கிட்டச் சொன்னேன். முடியாதுன்னு சொல்லலை. எனக்கு எட்டு வயசுலேருந்து அவனை நான்தான் தூக்கி வளர்த்தேன், முடியாதுன்னு எப்படிச் சொல்றது. அம்மா தம்பி பக்கந்தான் பேசுவான்னு நெனச்சிருப்பா. அதான் உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கா."

பத்திரிகையில் 'உறவுக்கார இளைஞர்' என்று இருந்தது. நாங்கள் அதை 'மிருகம்' என்று மாற்றிக்கொண்டோம். மேடைக்கு அது போதுமாக இருந்தது.

பிச்சை வேறு ஒன்றுக்காக வந்திருந்தார். அதையும் சொன்னார். கீழ்க் கோர்ட்டில் தூக்கு கொடுத்தார்கள். ஹைகோர்ட்டில் அதை ஆயுளாக்கிவிட்டார்கள். ஆத்திரத்தில் திடீரென்று செய்தது, திட்டம் போட்டதற்கு ஆதாரம் பத்தாது என்றார்களாம். இப்போது கேஸ் சுப்ரீம் கோர்ட்டில் கிடக்கிறது. "முதல் நாளே பயந்திருக்கான்னா அவன் முன்னாடியே மிரட்டியிருக்கான்னுதானே அர்த்தம்? டீச்சர் எழுதிக் கொடுத்தா வச்சுப் பாக்கலாம்னு வக்கீல் சொன்னாருங்க. அவனைத் தூக்குல போடணும். நீங்களே ஊர் ஊரா அதத்தானே சொல்றீங்க?"

பிச்சை கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காக, ஒன்று கேட்டார்.

"அவ வந்து பயமா இருக்குன்னு சொன்னப்ப, நீங்க என்ன பண்ணீங்க டீச்சர்?"

நூறு மேடை. ஆயிரக்கணக்கான ஜனம். வக்கீல், டாக்டர், கலெக்டர் ஆபீஸ் அதிகாரிகள் எல்லோரும் முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார்கள். ஒரு குழந்தை பயமாக இருக்கிறது என்று சொன்னபோது நீ என்னம்மா செய்தாய் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. எதிரணியில் உட்கார்ந்து பேப்பரில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை. அந்தக் கதை நிஜமாக இருந்தால் அதில் இரண்டாவது குற்றவாளி டீச்சர்தான்.

"நான் உங்க பொண்ணைப் பார்த்ததே இல்லீங்க" என்றார் டீச்சர். குரல் மேடைக் குரல் இல்லை. "எந்தக் கேம்புலயும் பார்க்கலை. அவ என்கிட்ட ஒண்ணுமே சொல்லலை. நான் பேப்பர்ல படிச்சேன். கைதட்டலுக்காகச் சேர்த்துச் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. பிச்சைக்குப் புரிய நேரமாயிற்று. போனையும் டீச்சரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முதலில் பேசியது அழகம்மாள்தான்.

"அப்ப எம்புள்ள பயப்படலையா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பயந்தான்னு நீங்களா சொன்னதா?"

"நானாத்தான் சொன்னேன்."

அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது. "பயப்படலைங்க" என்று கணவர் பக்கம் திரும்பினார். "மாமான்னுதான் நெனச்சிருப்பா. மாமா கூப்பிடுறாரேன்னு சைக்கிளை நிறுத்தியிருப்பா. கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது அவளுக்கு."

"பயந்தா" என்றார் பிச்சை.

"இல்லைங்க."

"பயந்தாடி. எனக்குத் தெரியும். ரெண்டு நாளா ராத்திரி வெளக்க அணைக்க விடலை. உன் தம்பின்னு நீதான் எதையும் பாக்கலை."

"பரீட்சைக்குத்தாங்க அவ படிச்சா."

"பயந்தா."

டீச்சர் வீட்டுக் கூடத்தில், எங்கள் முன்னாலேயே, இப்படி மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பயந்தாள் என்பார், இவர் இல்லை என்பார். பயந்திருந்தால் அந்த அம்மாவின் தம்பிக்குத் தூக்கு, பயப்படாமல் இருந்தால் இந்த அப்பாவுக்கு ஒன்றுமே இல்லை. டீ ஆடை கட்டிப் போயிற்று. கடைசியில் பிச்சை எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். டீச்சரைப் பார்த்து, "என் பொண்ணை வச்சு எவ்வளவு கை தட்டு வாங்கினீங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். வெங்காயப் பையை அவர் எடுத்துப் போகவில்லை.

நியாயமாக அன்று நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குப் போயிருக்கக் கூடாது. போனோம். கார் வந்துவிட்டது, போஸ்டர் ஒட்டிவிட்டார்கள், ஐயா மண்டபத்தில் காத்திருக்கிறார். உத்திர வீதியில் சின்ன மண்டபம். வாசகர் வட்டச் செயலாளர், திருமண் இட்ட பெரியவர், வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். "தலைப்பு கொஞ்சம் உக்கிரமாத்தான் இருக்கு. ஆனா அடியேன் ஆத்துல எல்லாரும் அந்த மாணவி உபன்யாசம் கேக்கணும்னு காத்துண்டிருக்கா" என்றார். டீச்சர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

அவர் முறை வந்தது. மைக்கைப் பிடித்தார். "என் மாணவி ஒருத்தி" என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அவள் என் மாணவி இல்லை. நான் அவளைப் பார்த்ததில்லை. அவள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் சொன்னது பொய்" என்றார். நின்றார்.

நான் சொல்லிக் கொடுத்த அதே அமைதி. கூட்டம் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வரிசையில் ஒருவர் "ஆஹா" என்றார். கை தட்ட ஆரம்பித்தார்கள். இதற்குப் பின்னால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று நினைத்துவிட்டார்கள். டீச்சர் பதறி, "நிஜமாத்தான் சொல்றேன், நம்புங்க" என்றார். இன்னும் பலமாகத் தட்டினார்கள். டீச்சர் மைக்கை விட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். பதினைந்து நிமிடத்தில் மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை.

அடுத்து நான். எழுந்து நின்றதும், அது என்ன சாபமோ, வாய் தன் வேலையைப் பார்த்தது. "நடுவர் அவர்களே, தூக்குக் கயிறு வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கடைசியில் பொய் ஒன்றுதான் கிடைத்தது என்பதை எதிரணித் தோழியே ஒப்புக்கொண்டுவிட்டார். இதற்கு மேல் தீர்ப்பு எதற்கு?" என்றேன். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. மரண தண்டனை தேவையில்லை என்று ஐயா தீர்ப்புச் சொன்னார். எனக்குச் சால்வை போட்டார்கள். பதினாறு வருடத்தில் அந்தத் தலைப்பில் நான் அப்படி ஜெயித்ததில்லை.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் வண்டி நெரிசலில் நின்றது. டீச்சர் அப்போதுதான் பேசினார்.

"அந்தம்மாகிட்ட கேம்புன்னு ஏன் சார் சொன்னீங்க?"

"அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னுதான்."

"இல்ல சார். உங்களுக்கு அடுத்த வரி ரெடியா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அன்றோடு டீச்சர் மேடை ஏறுவதை நிறுத்தினார். அவர் இடம் காலியாயிற்று. ஐயா எனக்குப் போன் பண்ணினார், தேவைப் பக்கம் ஆள் குறைகிறது என்று. இப்போது அந்தப் பக்கம் நான்தான் பேசுகிறேன். பழைய கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொல்கிறேன், அதுவும் நன்றாகத்தான் எடுபடுகிறது.

டீச்சருடைய கதை அங்கே முடியவில்லை. ஸ்ரீரங்கம் நடந்து இரண்டு மாதம் கழித்து அழகம்மாள் தனியாக வந்து நின்றாராம், கையில் அதே மாதிரி ஒரு மஞ்சள் பை. தம்பி இருப்பது ஏர்போர்ட் போகிற வழியில் இருக்கிற மத்தியச் சிறை. உள்ளே இருக்கிறவரைப் போய்ப் பார்ப்பதற்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதனால் அதற்கு மனு பார்ப்பது என்றே பெயர். அந்த அம்மா மாதம் ஒரு தடவை தம்பியை மனு பார்க்கப் போகிறார். பிச்சைக்குத் தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவார். அதனால் வீட்டில், "டீச்சரைப் பாத்துட்டு வரேன், எம்புள்ளையப் பத்திப் பேசிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பொய்யாக இருக்கக் கூடாது என்று, சிறையிலிருந்து நேராக டீச்சர் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஒரு வாய் காபி குடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போவார். பிச்சை போன் பண்ணினால் வந்தாங்க என்று டீச்சர் சொல்ல வேண்டும்.

"இனிமே ஒரு பொய்யும் சொல்றதில்லன்னு ஃபாதர்கிட்டப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டு வந்தேன் சார். மாசா மாசம் ஒண்ணு சொல்றேன்" என்றார் என்னிடம். "அந்தம்மா தம்பியைத் திட்டுறதுக்குத்தான் போறாங்களாம். போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னதும் சாப்டியாடான்னுதான் கேக்க வருதாம். வெளிய வந்து அதுக்கு அழுவாங்க."

போன ஆவணி மாதம் என் பெண் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனேன். அழகம்மாள் அப்போதுதான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார். மூலையில் வெங்காயப் பை இருந்தது. டீச்சர் அந்த வெங்காயத்தைச் சமைப்பதில்லை, தூக்கிப் போடவும் மனம் வருவதில்லை, தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார். பத்திரிகையை அவர் கையில் கொடுக்கப் போகும்போது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பிச்சை.

"டீச்சர், வந்தாளா?"

"வந்தாங்க. இப்பத்தான் பஸ் ஏறினாங்க. இளவேனிலைப் பத்தித்தான் பேசிட்டிருந்தோம்."

"சரி" என்றார். போனை வைப்பார் என்று நினைத்தோம். வைக்கவில்லை.

"மனு கெடச்சுதா அவளுக்கு?"

டீச்சர் போனை இன்னும் பக்கத்தில் இழுத்தார்.

"தெரியும் டீச்சர். போன வருஷமே தெரியும். எங்க ஊர்க்காரன் ஒருத்தன் அங்க வாசல்ல பாத்திருக்கான். எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிடாதீங்க. சொல்லிட்டா அப்புறம் நான் ஏதாவது பண்ணியாகணும். அவன் உயிரோட இருக்கான்னு நெனச்சா எனக்குச் சோறு எறங்கலை. அவன் செத்துட்டான்னா இவளுக்கு எறங்காது. கேஸ் அடுத்த மாசம் வருதாம். தூக்குன்னு வரணும்னு சமயபுரத்துக்கு வேண்டிக்கிட்டிருக்கேன். வந்துட்டா இவ மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னும் தெரியலை. நீங்க ரெண்டு பக்கமும் பேசுற ஆளுங்களாச்சே. என்ன டீச்சர் பண்றது?"

டீச்சர் பேசவில்லை. அந்த அமைதியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கிருந்து பதில் வராமல் போகவே, பிச்சை, "சரி, அவ வர்றதுக்குள்ள உலை வைக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிடுகிறேன், இத்தனை எழுதிய பிறகு மறைக்க என்ன இருக்கிறது. எனக்குச் சோறு எறங்கலை, இவளுக்கு எறங்காது என்ற அந்த இரண்டு வரியை மைக்கில் சொல்லி நிறுத்தினால் எந்த மண்டபமும் தாங்காது என்று தோன்றியது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகம், அவருக்குத் தெரியாததா.

"இதை மேடையில சொல்லிடாதீங்க சார்" என்றார்.

மேடையில் சொல்லவில்லை.